மாத்திரையா, ஊசியா, காத்திருப்பதா? குடல் அழற்சி நோயும் தைராய்டு குறைவும் உள்ளவர்களின் எலும்புக்கான தேர்வு

ஒருவருக்குக் குரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைடிஸோ (இரண்டும் குடல் அழற்சி நோயின் வகைகள்) பல ஆண்டுகளாக இருக்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தினமும் காலையில் லெவோதைராக்ஸின் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். இந்த நிலையில் டெக்சா ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது. கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம், வாரம் ஒரு மாத்திரை விழுங்கலாம், ஆண்டுக்கு ஒரு முறை சொட்டு ஊசி ஏற்றிக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் வழிகளைச் சொல்லி, யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பொதுவான ஒப்பீடுகள் இந்த மருந்துகளை எலும்பு முறிவை எத்தனை சதவீதம் குறைக்கின்றன என்ற கணக்கில் வரிசைப்படுத்துகின்றன. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. விழுங்கியதை உறிஞ்சிக்கொள்ளும் குடல் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடப்பட்டவை. குடலே நோயுற்றிருக்கும் ஒருவர், காலை வெறும் வயிற்றை ஏற்கெனவே தைராய்டு மாத்திரைக்குக் கொடுத்துவிட்ட ஒருவர், வேறு அளவுகோல்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எலும்பு ஏன் குறைந்தது என்பது. குடல் அழற்சி நோயில் இதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. அழற்சியின்போது பெருகும் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற வேதிப்பொருள்கள் எலும்பைக் கரைக்கும் செல்களை நேரடியாகத் தூண்டிவிடுகின்றன. அழற்சியை அடக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு, எலும்பைக் கட்டும் செல்களை அடக்கிவிடுகிறது. அதனால் வரும் இழப்பு, மருந்து தொடங்கிய முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் மிக வேகமாக இருக்கும். சிறுகுடலின் கடைப்பகுதி பாதிக்கப்பட்டோ அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்டோ இருந்தால் பித்த உப்புகள் வீணாகி, கொழுப்பில் கரையும் வைட்டமின் டி சரியாக உறிஞ்சப்படுவதில்லை. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலை நிறுத்தியவர்களுக்குக் கால்சியமும் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, முறிவுக்கான அபாயம் எவ்வளவு என்பது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை எனப்படுகிறது. அதற்கு இளையவர்களுக்கு, அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும்; மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு என்று பொருள். 28 வயது குரோன் நோயாளியின் அறிக்கையில் டி-ஸ்கோரை மட்டும் படித்துவிட்டுப் பயந்துபோவது வழக்கமாக நடக்கிறது. இந்த எண்களைவிடக் கனமான ஒரு தகவல் உண்டு: ஏற்கெனவே ஒரு முறிவு நடந்திருக்கிறதா? முதுகெலும்பு முறிவுகள் பெரும்பாலும் வலியில்லாமலே நடந்துவிடுகின்றன. உயரம் குறைந்திருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவது, மருந்து குடலை நம்பியிருக்கிறதா என்பது. நான்காவது, தைராய்டு மாத்திரையோடு அது மோதுகிறதா என்பது. ஐந்தாவதைப் பலரும் கேட்பதே இல்லை: தொடங்கிய பிறகு நிறுத்த முடியுமா, நிறுத்தினால் என்ன ஆகும்? சிறுநீரகத்தின் நிலை, கருத்தரிக்கும் எண்ணம், நிலுவையில் இருக்கும் பல் சிகிச்சை ஆகியவை இவற்றுக்கு அடுத்து வருகின்றன.

## எந்த வழியாக இருந்தாலும் முதலில் டி.எஸ்.எச்.

தைராய்டு ஹார்மோன் அதிகமானால் எலும்பு உருகி மீண்டும் உருவாகும் சுழற்சி வேகமெடுக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் உருகியதில் ஒரு பகுதி ஈடுசெய்யப்படாமல் போகிறது. சுரப்பி தானாக அதிகம் சுரந்தாலும் சரி, மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் சரி, எலும்புக்கு வேறுபாடு தெரியாது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் அதிகமானால் இது இறங்கும், குறைந்தால் ஏறும். இது 0.1க்குக் கீழே நீண்ட காலம் இருந்தால், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முறிவு அபாயம் கூடுகிறது.

குடல் நோயாளிக்கு இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். லெவோதைராக்ஸின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. நோய் தீவிரமாகி வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீளும்போது மருந்து சரியாக உள்ளே போவதில்லை, டி.எஸ்.எச். ஏறுகிறது, மருத்துவர் 75 மைக்ரோகிராமை 100 ஆக்குகிறார், பிறகு 125 ஆக்குகிறார். அழற்சியை அடக்கும் புதிய உயிரியல் மருந்து வேலை செய்து குடல் ஆறுகிறது; உறிஞ்சும் திறன் திரும்புகிறது; மாத்திரையின் அளவு மட்டும் 125இலேயே நின்றுவிடுகிறது. எடை கூடி, வயிறு சரியாகி, நோயாளி நலமாக இருப்பதாக எல்லோரும் மகிழும் அதே மாதங்களில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். குடல் மருந்தில் பெரிய மாற்றம் செய்யும்போதெல்லாம் 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு குழப்பமும் உண்டு. தைராய்டு சுரப்பு அதிகமாகும்போது வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் வரும். பார்ப்பதற்குக் குடல் நோய் மீண்டும் கிளம்பியதைப் போலவே இருக்கும். கைநடுக்கமும் படபடப்பும் சேர்ந்திருந்து, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் அளவு மலத்தில் உயராமல் இருந்தால், ஸ்டீராய்டைத் தொடங்குவதற்கு முன் தைராய்டுப் பரிசோதனை கேட்பது நியாயமானது. தேவையில்லாத ஒரு சுற்று ஸ்டீராய்டு எலும்பின் கணக்கில்தான் எழுதப்படும். ஆனால் கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் இருக்கும்போதோ, அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்கும்போதோ டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். அந்த ஒரு முடிவை வைத்து மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியதில்லை. முடிக்காகவும் நகத்துக்காகவும் பயோட்டின் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். அதுவும் முடிவுகளைக் குழப்பும்.

## கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் எடுத்துக் காத்திருப்பது

இதை ஒன்றும் செய்யாமல் இருப்பதாக நினைப்பது தவறு. ஸ்டீராய்டு ஒரு சிறு சுற்றோடு முடிந்துவிட்ட, முறிவு எதுவும் நேராத, இளம் வயதுக்காரருக்கு, அழற்சியை முழுமையாக அடக்குவதே முதன்மையான எலும்புச் சிகிச்சை. ஸ்டீராய்டு இல்லாமல் குடல் அமைதியாக இருக்கும் காலம் நீளும்போது எலும்பு அடர்த்தி ஓரளவு தானாகவே மீளும்.

உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் போதும். இரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஒரு மி.லி.க்குக் குறைந்தது 20 நானோகிராமாவது இருக்க வேண்டும். சிறுகுடல் வெட்டப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம். மருந்து எடுத்தால் மட்டும் போதாது, 3 மாதம் கழித்து அளவு ஏறியதா என்று பார்ப்பதும் அவசியம்.

இந்த வழியின் மறைந்த செலவு தைராய்டு மாத்திரையிடம் இருக்கிறது. கால்சியமும் இரும்பும் லெவோதைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. 4 மணி நேர இடைவெளி வேண்டும். பித்த உப்பால் வரும் வயிற்றுப்போக்குக்குக் கொலெஸ்டிரமின் எடுப்பவர்களுக்கும் இதே விதி, அதைவிடக் கண்டிப்பாக. கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 40 சதவீதம். ஆனால் அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஆகவே உணவோடுதான் எடுக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தம். அதில் கால்சியம் 21 சதவீதமே என்பதால் மாத்திரைகளின் எண்ணிக்கை கூடும். சிறுகுடல் வெட்டப்பட்டவர்களுக்கு ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு அதிகம். அவர்கள் கல்லுக்குப் பயந்து கால்சியத்தை நிறுத்துவதுண்டு. உணவோடு சேர்த்து எடுக்கும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும் என்பதால், இந்த இடத்தில் அந்தப் பயம் தலைகீழானது.

ஸ்டீராய்டு 3 மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் இந்த வழியோடு நின்றுவிடக் கூடாது. ஒரு நாளைக்கு 2.5 மி.கி. பிரெட்னிசலோன் என்ற சிறிய அளவையே 3 மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கும் முறிவு அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்கிறது அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் வழிகாட்டுதல்.

## வாரம் ஒரு மாத்திரை

அலென்ட்ரோனேட் 70 மி.கி., ரிசெட்ரோனேட் 35 மி.கி. ஆகியவை இந்த வகை. நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பவை, விலை குறைந்தவை, முறிவைக் குறைப்பதற்கான சான்றுகள் வலுவானவை. பெரும்பாலான எலும்புப்புரை நோயாளிகளுக்கு இவையே முதல் தேர்வு என்பதில் தவறில்லை.

ஆனால் ஆரோக்கியமான குடலிலேயே அலென்ட்ரோனேட்டில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது. உணவோ காபியோ பழச்சாறோ சேர்ந்தால் அதுவும் கரைந்துபோகும். அழற்சியால் மெலிந்த, வெட்டப்பட்டுக் குறுகிய சிறுகுடலில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை எந்த இரத்தப் பரிசோதனையும் சொல்வதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியும். நோய் பெருங்குடலோடு நின்றுவிட்ட அல்சரேட்டிவ் கொலைடிஸில் இந்தக் கவலை குறைவு. சிறுகுடலைத் தாக்கும் குரோன் நோயில் அதிகம். உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கும், 30 நிமிடம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் இது கூடாது.

பிறகு காலை நேரத்தின் சிக்கல். மாத்திரை நாளில், எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு அலென்ட்ரோனேட்டை விழுங்கிவிட்டு 30 நிமிடம் படுக்காமல், வேறு எதுவும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டும். லெவோதைராக்ஸினும் அதே வெறும் வயிற்றைக் கேட்கிறது. உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. இரண்டையும் ஒன்றாக விழுங்காமல், அலென்ட்ரோனேட்டை முதலில் எடுத்து, அரை மணி கழித்து லெவோதைராக்ஸின், அதற்கும் அரை மணி முதல் ஒரு மணி கழித்து உணவு என்று அமைக்கலாம். காலையில் எழுந்தவுடன் பலமுறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும் நோயாளிக்கு இந்த ஒழுங்கு ஏட்டில் இருப்பதைப் போல எளிதாக இருப்பதில்லை.

லெவோதைராக்ஸினை இரவுக்கு மாற்றுவது இன்னொரு வழி. கடைசி உணவுக்கு 3 மணி நேரம் கழித்து எடுத்தால் அது நன்றாகவே உறிஞ்சப்படும். அப்படி மாற்றினால் இரவு உணவோடு எடுத்துவந்த கால்சியத்தைக் காலைக்கோ மதியத்துக்கோ நகர்த்த வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. மாற்றிய பிறகு ஒரு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

குடல் அமைதியாக இருக்கிறது, சிறுகுடல் முழுமையாக இருக்கிறது, நாளைத் தவறவிடாத பழக்கம் இருக்கிறது என்றால் இந்த மாத்திரையைத் தாண்டிப் போகக் காரணமில்லை. 5 ஆண்டுகளுக்குப் பிறகு, அபாயம் குறைந்திருந்தால் இடைவெளி விடவும் முடியும். எலும்பில் தங்கிய மருந்து மெதுவாகவே வெளியேறும்.

## ஆண்டுக்கு ஒரு முறை சொட்டு ஊசி

சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி., குறைந்தது 15 நிமிடத்தில் இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுகிறது. 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் 3 ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் இது குறைத்தது. குடல் நோயாளிக்கு இதன் முதன்மையான நன்மை அந்த எண்களில் இல்லை. குடலைத் தொடாமலேயே உடலுக்குள் போகிறது. காலை வெறும் வயிறு தைராய்டு மாத்திரைக்கே மிஞ்சுகிறது. எடுத்தோமா மறந்தோமா என்ற கேள்வி எழுவதில்லை. உயிரியல் மருந்தைச் சொட்டு ஊசியாக ஏற்றிக்கொள்ள ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போய்வருபவர்களுக்கு இது கூடுதல் அலைச்சலாகவும் இருக்காது.

மறைந்த செலவுகள் தொடக்கத்திலேயே வருகின்றன. முதல் முறை ஏற்றிக்கொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் 3 நாள்களுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அடுத்த ஆண்டுகளில் இது வெகுவாகக் குறையும். தடுப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது ஊசியால் வந்ததா தொற்றால் வந்ததா என்ற கேள்வி எழும் என்பதால், எதிர்பார்க்க வேண்டியது என்ன, 3 நாளைத் தாண்டினால் யாரை அழைப்பது என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் இரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கு மக்னீசியமும் குறைந்திருக்கும். அது குறைந்தால் கால்சியம் சரிவதைத் தடுக்கும் பாராதைராய்டு ஹார்மோனும் வேலை செய்யாது. ஆகவே வைட்டமின் டி, கால்சியம், மக்னீசியம், சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பார்த்த பிறகே தேதி குறிக்க வேண்டும். கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கூடாது. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றியிருக்கும் வாரத்தில் ஏற்றிக்கொள்வதும் சரியல்ல.

அரிதான இன்னொன்று கண் அழற்சி. குடல் அழற்சி நோயிலேயே கண் சிவந்து வலிக்கும் யூவியைடிஸ் வரக்கூடும். இந்த மருந்தாலும் வரக்கூடும். முன்பு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சிறுகுடல் பாதித்த குரோன் நோயும் தைராய்டு குறைவும் சேர்ந்து, எலும்புப்புரையும் உறுதியானவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், இந்த வழியைத்தான் நான் முதலில் வைப்பேன். கருத்தரிக்க எண்ணும் இளம்பெண்கள் விலக்கு: மருந்து ஆண்டுக்கணக்கில் எலும்பில் தங்குவதால் நிபுணரோடு தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும், வார மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

## ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி

டெனோசுமாப் 60 மி.கி. தோலுக்கடியில் போடப்படுகிறது. 2009இல் வெளியான ஆய்வில், இதே வகைப் பெண்களிடம் முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும் இடுப்பு முறிவு 40 சதவீதமும் குறைந்தது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்க முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு, கால்சியத்தை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குடலையும் தைராய்டு மாத்திரையையும் இதுவும் தொடுவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முந்தைய இரண்டைப் போல இது எலும்பில் தங்குவதில்லை. கடைசி ஊசி போட்டு 7 மாதங்களுக்கு மேல் தள்ளிப்போனால் அடக்கி வைத்த கரைப்பு வேலை சீறிக் கிளம்புகிறது. சிலருக்கு ஒரே காலகட்டத்தில் பல முதுகெலும்புகள் முறிந்திருக்கின்றன. நிறுத்த விரும்பினால் அடுத்து ஒரு பிஸ்பாஸ்போனேட்டை (வார மாத்திரையும் ஆண்டு சொட்டு ஊசியும் சேர்ந்த மருந்து வகை) தொடங்கியாக வேண்டும். அதாவது மாத்திரையையோ சொட்டு ஊசியையோ தவிர்க்க இதற்கு வந்தவர், ஒரு நாள் அவற்றிடமே திரும்ப வேண்டியிருக்கும். நோய் தீவிரமாகி மருத்துவமனையில் சேர்வது, அறுவைச் சிகிச்சை, ஊர் மாற்றம், காப்பீடு முடிவது என எதனாலும் தேதி நழுவலாம். குடல் நோயாளியின் வாழ்க்கையில் இவை அரிதானவை அல்ல.

தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தீவிரத் தொற்று அபாயம் கூடலாம் என்ற எச்சரிக்கை இதன் மருந்துக் குறிப்பில் உண்டு. கர்ப்ப காலத்தில் கூடாது. கடைசி ஊசிக்குப் பிறகும் 5 மாதம் கருத்தடை தேவை. சிறுநீரகக் கோளாறால் சொட்டு ஊசிக்கு வழியில்லாத, தேதியைத் தவறவிடாத முதியவருக்கு இது நல்ல வழி. ஐந்தாறு ஆண்டுகளில் நிறுத்தலாம் என்று எண்ணும் 40 வயதுக்காரருக்கு அல்ல.

## தினசரி ஊசி

டெரிபாராடைடு எலும்பைப் புதிதாகக் கட்டும் மருந்து. 20 மைக்ரோகிராம், தினமும், 2 ஆண்டு வரை. ஸ்டீராய்டால் எலும்பு குறைந்தவர்களிடம் 2007இல் வெளிவந்த ஆய்வில் அலென்ட்ரோனேட்டைவிட அடர்த்தியை அதிகம் உயர்த்தியது. முதுகெலும்பு முறிவுகளும் குறைவாக இருந்தன. விலையும் தினசரி ஊசியும் தடை. முடித்ததும் வேறொரு மருந்தால் ஈட்டியதைக் காக்க வேண்டும். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்து, ஸ்டீராய்டும் தொடர்பவருக்கு மட்டும் இதைப் பற்றிக் கேட்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | குடலை நம்பியிருக்கிறதா | தைராய்டு மாத்திரையுடன் மோதல் | நிறுத்தினால் | அதிகம் பொருந்துவது |
|---|---|---|---|---|
| கால்சியம், வைட்டமின் டி மட்டும் | ஆம் | 4 மணி நேர இடைவெளி வேண்டும் | மருந்தால் வரும் பின்விளைவு இல்லை | இளையவர், முறிவில்லை, ஸ்டீராய்டு முடிந்தது |
| வார மாத்திரை | மிகவும் | வெறும் வயிற்றுக்குப் போட்டி | மெதுவாகவே பலன் குறையும் | சிறுகுடல் நன்றாக உள்ளவர் |
| ஆண்டு சொட்டு ஊசி | இல்லை | நேரடியாக இல்லை | மெதுவாகவே பலன் குறையும் | சிறுகுடல் பாதித்தவர், சிறுநீரகம் நன்றாக உள்ளவர் |
| ஆறு மாத ஊசி | இல்லை | நேரடியாக இல்லை | வேகமான எலும்பிழப்பு, முறிவு அபாயம் | சிறுநீரகம் பலவீனமானவர், தேதி தவறாதவர் |
| தினசரி ஊசி | இல்லை | நேரடியாக இல்லை | ஈட்டியது கரையும் | முறிவு நேர்ந்தவர், ஸ்டீராய்டு தொடர்பவர் |

அட்டவணையில் மூன்று இடங்களில் நேரடியாக இல்லை என்று எழுதியதற்குக் காரணம், மருந்து ஊசியாக இருந்தாலும் கூடவே கால்சியம் மாத்திரை பெரும்பாலும் தொடரும் என்பதுதான். அந்த 4 மணி நேர விதியிலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை.

வார மாத்திரை, சொட்டு ஊசி, ஆறு மாத ஊசி ஆகிய மூன்றிலும் தாடை எலும்பு அழுகுவதும் தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு ஏற்படுவதும் மிக அரிதாக நடக்கின்றன. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ காரணமில்லாத வலி தொடர்ந்தால் அதைச் சாதாரண மூட்டு வலி என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் இறங்கினாலும் அடுத்த டெக்சா ஸ்கேனை 1 முதல் 2 ஆண்டுக்குள், முடிந்தவரை அதே கருவியில் எடுக்க வேண்டும். வேறு கருவியின் எண்ணோடு ஒப்பிட்டால் சிறிய ஏற்றத்தாழ்வுகளுக்குப் பொருளில்லை. அதில் அடர்த்தி தொடர்ந்து குறைந்திருந்தால், மருந்தை மாற்றக் கேட்பதற்கு முன் கடைசி ஓராண்டின் டி.எஸ்.எச். முடிவுகளையும், வைட்டமின் டி அளவையும், அந்தக் காலத்தில் எடுத்த ஸ்டீராய்டின் மொத்தக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் குடல் மருத்துவரிடமும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமும் காட்டுங்கள். ஒருவர் எழுதிய மருந்தின் விளைவு மற்றவரின் கோப்பில் தெரியாமல் போவது இந்த இரண்டு நோய்களும் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.